அச்சமும் நகையும்: மதுவிலக்குப் பரப்புரையும் தென்திருவிதாங்கூர் எள்ளல் மரபும்

1936ஆம் ஆண்டில் இரு வேறு கண்டங்களில் இரண்டு திரைப்படங்கள் உருவாயின. ஒன்று, அமெரிக்காவில் கஞ்சாவின் தீமையைப் பெற்றோர்க்கு உணர்த்தும் நோக்குடன் எடுக்கப்பெற்ற ‘உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய படம். பிற்காலத்தில் ‘ரீஃபர் மேட்னஸ்’ என்ற பெயரால் உலகறிந்தது இதுவே. மற்றொன்று, குடியின் கேட்டை விளக்கிய ‘சதிலீலாவதி’ என்னும் தமிழ்ப்படம். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் இவற்றின் கதையமைப்பில் காணப்படும் ஒற்றுமை வியப்புக்குரியது. அமெரிக்கப் படத்தின் இளைஞன் கஞ்சா மயக்கத்தில் நினைவிழந்து கிடக்கிறான். அவன் காதலி வேறொருவன் துப்பாக்கியால் இறக்கிறாள். துப்பாக்கி அவன் கையில் திணிக்கப்படுகிறது. தானே கொலைகாரன் என்று அவன் நம்புகிறான். தமிழ்ப் படத்தின் நாயகன் கிருஷ்ணமூர்த்தி மது மயக்கத்தில் தன் நண்பனைத் தானே கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். செய்யாத கொலைக்குக் குற்றவுணர்வு கொள்ளுதல் என்னும் இந்த ஒரு முடிச்சே இரு படங்களையும் தாங்கி நிற்கிறது.

அமெரிக்கப் படம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஓர் இசைநாடகமாகவும், 2005இல் இசைத்திரைப்படமாகவும் எள்ளி நகையாடப்பட்டது. தமிழில் சதிலீலாவதியை எள்ளிய இசைநாடகம் ஒன்றும் தோன்றவில்லை. இதனை ஒரு குறையாகக் கருதுவோர் உளர். தமிழ் மேடையில் பரப்புரையை எள்ளும் துணிவு இல்லை என்பது அவர்தம் கருத்து. அக்கருத்து பொருந்துமா என்பதை, சதிலீலாவதியில் நடித்தவரும் தென்திருவிதாங்கூர் மண்ணில் பிறந்தவருமான ஒரு நகைச்சுவைக் கலைஞரின் பணியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையின் வருகை

சதிலீலாவதி, எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையைத் தழுவியது. அதே காலத்தில் தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் இயற்றிய ‘பதிபக்தி’ என்னும் மதுவிலக்கு நாடகம் மேடைகளில் வெற்றியுடன் நடந்துவந்தது. இரண்டின் கதையும் ஒன்றாக இருந்தமையால் வழக்கு எழுந்தது. அவ்வழக்கில் வாசன் அளித்த சாட்சியம் தமிழ் இலக்கிய வரலாற்றில் அரியதொரு வாக்குமூலம் எனலாம். இரண்டு கதைகளுமே திருமதி ஹென்றி வுட் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் ஆங்கில நாவலிலிருந்து பெறப்பட்டவை என்று அவர் கூறினார். 1860இல் வெளிவந்த அந்நாவல், ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் ஒன்று அறிவித்த போட்டியில் நூறு பவுன் பரிசு பெற்றது. ஆகவே தமிழரின் குடிகெடுத்த கதையாகத் தமிழ் மேடையும் திரையும் கண்டது, பிரித்தானியத் தொழிற்புரட்சிக் காலத்து மதுவிலக்கு இயக்கத்தின் பரிசுக் கதையே.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. கள்ளைப் பற்றிய தமிழ் மரபு மிகப் பழைமையானது. அது ஒருமுகமானதும் அன்று. புறப்பாடல்களில் கள் கொடையின் அடையாளம். திருக்குறளில் அது விலக்கத்தக்கது. ஆனால் கள்ளுண்ணாமை அதிகாரத்திலும் அச்சுறுத்தலைவிட நகைப்பே மிகுதி. மறைந்து குடிப்பவனை உள்ளூரார் கண்டறிந்து சிரிப்பர் என்பதும், குடித்தவனைக் குடியாதபோது காணும் மற்றொரு குடிகாரன் தன் நிலையை எண்ணமாட்டானோ என்பதும் அவ்வதிகாரத்தின் போக்கு. கொலை, தூக்குமேடை, நாடுவிட்டோடுதல் ஆகியன அங்கில்லை. மெலோடிராமா என்னும் மிகையுணர்ச்சி நாடகத்தின் அச்சம் வெளியிலிருந்து வந்த சரக்கு.

சதிலீலாவதியை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். 1935இல் இந்தியாவுக்கு வரும் முன் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திரைக்கலை பயின்றவர். அந்நகரில் 1933இல் ‘தி டிரங்கர்ட்’ என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மதுவிலக்கு நாடகம் ஒன்று மீண்டும் மேடையேறி, 1959 வரை தொடர்ந்து நடந்தது. பார்வையாளர் பீர் அருந்திக்கொண்டே வில்லனைக் கூவி எள்ளிச் சிரிப்பதற்காகவே அந்நாடகம் நடத்தப்பட்டது. 1844இல் கண்ணீர் வரவழைத்த அதே உரையாடல்கள் தொண்ணூறு ஆண்டுகளில் சிரிப்பை வரவழைத்தன. ஒரே நகரம் மதுவிலக்கு நாடகத்தைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்நகரிலிருந்து வந்த ஒருவர் தமிழில் மதுவிலக்குப் படத்தைச் சற்றும் சிரிப்பின்றி எடுத்தார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அமெரிக்க எள்ளலின் இயல்பு

‘ரீஃபர் மேட்னஸ்’ எள்ளல் பொருளானது தற்செயலான நிகழ்வுகளாலேயே. லூயி காஸ்னியே இயக்கிய அப்படம், பின்னர் மலிவான பரபரப்புப் படங்களை ஊர் ஊராகத் திரையிட்ட வணிகர் ஒருவரின் கைக்குச் சென்று, காலப்போக்கில் மறக்கப்பட்டது. 1972இல் கஞ்சாச் சட்டங்களைத் தளர்த்தக் கோரிய அமைப்பைச் சேர்ந்த கீத் ஸ்ட்ரூப் அதன் படி ஒன்றை விலைக்கு வாங்கினார். காப்புரிமை முறையாகக் காக்கப்படாமையால் எவரும் திரையிடலாம் என்ற நிலை இருந்தது. பல்கலைக்கழக மாணவர் கூட்டங்களில் அது நிதி திரட்டும் சிரிப்புப் படமாயிற்று. பரப்புரையின் கருவி, எதிர்ப்பரப்புரையின் கருவியாக மாறிற்று.

கெவின் மர்பி, டான் ஸ்டட்னி ஆகியோர் இதனை இசைநாடகமாக்கி 1998இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மேடையேற்றினர். 2001இல் நியூயார்க்கில் அரங்கேறியபோது நீடிக்கவில்லை. 2005இல் ஆண்டி ஃபிக்மன் இயக்கத்தில் அது தொலைக்காட்சித் திரைப்படமாயிற்று. மூலப்படத்தில் பெற்றோர் முன் நின்று உரையாற்றும் பள்ளித் தலைவர், இங்கு ஊர் ஊராகச் சென்று படம் காட்டி அச்சுறுத்தும் விரிவுரையாளராகிறார். அவரே கதைக்குள் பல வேடங்களில் நுழைகிறார். மூலப்படத்தில் ஜாஸ் இசையும் பியானோவின் வேகமும் பித்தத்தின் அறிகுறிகளாகக் காட்டப்பட்டன. இசைநாடகமோ அந்த இசையையே தன் மொழியாகக் கொண்டது. கண்டிக்கப்பட்ட வடிவத்தைக் கொண்டே கண்டித்தவரைக் கண்டிக்கும் உத்தி இது. படத்தின் முடிவில் ஊரார் கூடிப் பொருள்களைத் தீயிலிடுகின்றனர். பரப்புரை இறுதியில் எரிப்பதில் முடியும் என்பது அதன் குறிப்பு.

இவ்வெள்ளலில் ஓர் எளிமை உண்டு. கஞ்சா பற்றிய அச்சுறுத்தல் பொய் என்பதை 2005இன் பார்வையாளர் முன்பே அறிவர். இந்தியாவில் பிரித்தானிய அரசு அமைத்த கஞ்சா ஆய்வுக்குழு 1893-94ஆம் ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, அளவான பயன்பாட்டினால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டா என்று ஏழு தொகுதிகளில் எழுதிவிட்டது. நம்புவோர் எவரும் அரங்கில் இல்லாதபோது எள்ளுதல் எளிது. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். பேராசிரியர் அதனைத் தான் பிறரை எள்ளி நகுதல் எனவும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் எனவும் இருவகைப்படுத்துவார். அமெரிக்க இசைநாடகம் முற்றிலும் முதல்வகையைச் சார்ந்தது. நகுபவர் உயரத்தில் நிற்கிறார்.

திருவனந்தபுரத்துக் குழுவும் ஒழுகினசேரிக் கலைஞரும்

தமிழ் நாடக வரலாற்றில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோரின் பெயர்முன்னெழுத்துகள் திருவனந்தபுரத்தையும் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையையும் குறிப்பன. கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடத்தில் சிறந்த நடிகர். அவர் மக்களுள் ஒருவரான அவ்வை தி.க. சண்முகம் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். இச்சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை 1925இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. சென்னையும் மதுரையும் தமிழ் நாடகத்தின் ஊற்றுகள் என்றே எழுதிப் பழகிய நூல்களில் இந்நகருக்கு உரிய இடம் தரப்படுவதில்லை. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படிப்போர்க்கு அக்குறை விளங்கும்.

இச்சபையில் சேர்ந்தவருள் ஒருவர் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். அந்நாளில் ஒழுகினசேரி திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சார்ந்தது. பிற்காலத்தில் கலைவாணர் என்று போற்றப்பட்ட இவர் திரைக்கு முதலில் ஒப்பந்தமான படம் சதிலீலாவதி, டி.கே.எஸ். சகோதரர்களின் ‘மேனகா’ 1935இலேயே வெளிவந்தமையால் திரையில் முதலில் தோன்றியது அதில். ஆக, அச்சுறுத்தும் மதுவிலக்குக் கதையின் உள்ளிருந்தே தம் திரைவாழ்வைத் தொடங்கியவர் அவர். எம்.ஜி.ஆரும் அப்படத்திலேயே சிறு வேடத்தில் அறிமுகமானார் என்பது பலரும் அறிந்தது.

கிருஷ்ணன் வளர்ந்த சூழலில் மது ஓர் எளிய பொருளன்று. அப்காரி வருவாய் சமஸ்தானத்தின் கருவூலத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. மறுபுறம், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு, மதுவை உண்டாக்குதலும் கொடுத்தலும் குடித்தலும் ஆகாவென 1921இல் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த மக்களை நோக்கி அவர்தம் ஞானாசிரியரே கூறியது. இதன் கனம் அமெரிக்கப் படத்தின் விரிவுரையாளரிடம் தேடினும் கிட்டாது. கேட்பவரின் வயிற்றுப்பாடு அதில் அடங்கியிருந்தது.

சென்னை மாகாணத்திலோ இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார், துணையாசிரியர் கல்கி. 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. மாகாணம் முழுமைக்குமான மதுவிலக்கு 1948 அக்டோபர் 2இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்தபோது அமைந்தது. மராத்தியில் பி.கே. அத்ரே எழுத, மாஸ்டர் விநாயக் இயக்கிய ‘பிராந்தீச்சீ பாட்லீ’ (1939), பிராந்தி பாட்டில் ஒன்றைத் தேடி அலையும் எளிய எழுத்தர் ஒருவரை வைத்து மதுவிலக்குக் காலத்தைச் சிரிப்பாக்கியது. பம்பாய் நகரில் மதுவிலக்கு வந்த ஆண்டும் அதுவே. இந்தியாவில் இப்பொருளில் எள்ளல் படமே இல்லை என்பார் இதனை நோக்குக.

வடிவத்தை எள்ளுதல்

கலைவாணரின் நகைச்சுவையைப் பற்றிப் பேசுவோர் பலரும் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தந்தார் என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். இது பாராட்டுப் போலத் தோன்றினும் அவரது அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். தேன் வேறு, மருந்து வேறு என்ற பிரிவு அவரிடத்தில் இல்லை. அவர் எள்ளியது போதனையின் பொருளையன்று, போதிப்பவரின் தோரணையை.

இதற்குத் தெளிவான சான்று ‘கிந்தனார்’ காலட்சேபம். உடுமலை நாராயண கவி இயற்றிய இது, நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தை அடியொற்றியது. நந்தனுக்குச் சிதம்பரம் காணும் வேட்கை. கிந்தனுக்குக் கல்வி கற்கும் வேட்கை. நந்தன் தீயில் புகுந்து இறைவனை அடைகிறான். கிந்தன் பட்டணம் சென்று படித்து, தன்னை ஒதுக்கிய அதே பள்ளிக்கு ஆய்வாளனாகத் திரும்புகிறான். பாகவதரின் குரல், பின்பாட்டு, இடைப்பேச்சு, சுருதி அனைத்தும் அப்படியே இருக்க, பத்திப் பரவசத்தின் இடத்தில் பள்ளிக்கூடமும் இரயில்வண்டியும் வந்து அமர்கின்றன. கேட்போர் சிரிக்கின்றனர். சிரிப்பின் ஊடே, ஒடுக்கப்பட்டவன் எரிந்தால்தான் தூயவனாவானோ என்ற வினாவும் எழுந்துவிடுகிறது.

இம்முறை கிருஷ்ணன் புதிதாகக் கண்டதன்று. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இதற்கு முன்னோடி. தலங்களின் பெருமை கூறும் மான்மியம் என்னும் புனித வடிவத்தில், தாய்வழிச் சொத்துரிமையால் மனைவி மக்கள் அடைந்த துயர் ஒரு பெண்ணின் வாய்மொழியாகக் கூறப்படுகிறது. தலைப்பிலேயே எள்ளல் தொடங்கிவிடுகிறது. அச்சொத்துரிமை முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றம் கண்டது. அந்நூல் ஒன்றே சட்டத்தைக் கொணர்ந்தது என்பது மிகை; எனினும் ஒரு பகடி இலக்கியம் நடைமுறைச் சட்டப்போராட்டத்தின் பக்கத்தில் நின்றது என்பது உறுதி. தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்கு எள்ளலும் சீர்திருத்தமும் எதிரெதிர் அணிகளல்ல.

வில்லும் குடமும் சாராயமும்

மூன்றாவது வடிவம் வில்லுப்பாட்டு. 1930களின் தொடக்கத்தில் டி.கே.எஸ். குழுவினர் நடத்திய ‘தேசபக்தி’ நாடகத்தில் காந்தியின் கதையைக் கிருஷ்ணன் வில்லிசையாகப் பாடினார். வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீர’னே இப்பெயரில் மேடையேறியது. பின்னாளில், 1948இல் சென்னைக்கு வந்த இளைஞர் சுப்பு ஆறுமுகம் எழுதித்தர, காந்தி கதையை வில்லில் பாடி ஊர்தோறும் கொண்டுசென்றார்.

வில்லுப்பாட்டின் இயல்பான களம் எது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் சுடலைமாடன், இசக்கி முதலிய தெய்வங்களின் கொடை விழாக்களில் இரவு முழுதும் ஒலிப்பது அது. சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம். வில்லின் முன் சாமியாடுபவர் அருள் கொள்ளும் வேளையில் குடமும் உடுக்கையும் விசை கூட்டும். மதுவைப் படையலாக ஏற்கும் தெய்வத்தின் பாட்டுவடிவத்தில், மதுவை விலக்கச் சொன்ன காந்தியின் கதையைப் பாடுவதென்பது சிறிய மாற்றமன்று. அமெரிக்க இசைநாடகம் ஜாஸ் இசையை எடுத்துக்கொண்டதற்கு இணையான, அதனினும் துணிவான செயல் இது எனலாம். ஏனெனில் ஜாஸைக் கண்டித்தவர்கள் அன்று அரங்கில் இல்லை. வில்லுக்கு முன்னிருந்தோரோ அடுத்த கொடைக்கு அதே சுடலைமாடனிடம் செல்பவர்கள்.

வில்லுப்பாட்டில் புலவர் ஒன்றைச் சொல்வார். குடமடிப்பவர் ஆமாம் போடுவார், சில வேளைகளில் ஐயம் எழுப்புவார், தவறாகப் புரிந்துகொள்வார். போதனை ஒருவர் வாயிலிருந்து இடையறாது பொழியவியலாத அமைப்பு அது. விரிவுரையாளரை வெளியிலிருந்து வந்து எள்ள வேண்டிய தேவை இங்கில்லை. எள்ளுபவர் குடத்துடன் அவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். கலைவாணரின் பாடல் ஒன்று குடித்துப் பழகவேண்டும் என்று தொடங்கிக் கேட்போரைத் திடுக்கிடச்செய்து, கள்ளையன்று, பாலைக் குடிக்கச் சொல்வதாகத் திரும்புவதும் இவ்வுத்தியின் சாயலே. அங்கு ஏமாறுபவர் குடிகாரர் அல்லர். கண்டிக்கக் காத்திருந்த நல்லவர்.

1949 பிப்ரவரியில் வெளிவந்த ‘நல்லதம்பி’ இவ்வுத்திகளையெல்லாம் ஒருங்கே கொண்டது. கதை வசனம் சி.என். அண்ணாதுரை, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, இசை சி.ஆர். சுப்பராமன். இதன் மூலமும் அமெரிக்காவினதே: ஃபிராங்க் காப்ரா 1936இல் எடுத்த ‘மிஸ்டர் டீட்ஸ்’ படம். எதிர்பாராமல் ஜமீன் சொத்துக்கு உரியவனாகும் எளிய மனிதன் அதனைப் பிறர்க்குப் பயன்படுத்துவதே கதை. கிந்தனார் காலட்சேபம் இதில் இடம்பெற்றது, மதுவிலக்கும் பேசப்பட்டது. மாகாண முழு மதுவிலக்கு வந்து நான்கே திங்களாகியிருந்தது. இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் 1944 இறுதி முதல் 1947 வரை சிறையிலிருந்து மீண்ட கலைஞர், சட்டத்தைப் புகழ்ந்து ஒரு படம் எடுப்பது இயல்பே என்று கருதலாம். ஆனால் அப்படத்தில் அச்சுறுத்தும் கொலையும் தூக்குமேடையும் இல்லை. சதிலீலாவதிக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதில் நடித்தவரே அளித்த மறுமொழியாக நல்லதம்பியைக் கொள்ள இடமுண்டு.

குறைகளும் இல்லாமலில்லை. சதிலீலாவதியில் கெடுபவன் செல்வக் குடும்பத்தவன். கள்ளிறக்கிப் பிழைத்தவனுக்கு அக்கதையில் இடமில்லை. மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது பனையேறிகள் பதனீர், கருப்பட்டித் தொழிலுக்குத் திரும்ப நேர்ந்த அல்லல், நகைச்சுவைக்கும் மிகையுணர்ச்சிக்கும் ஒருங்கே அகப்படாது போயிற்று. பெரியார் ஒருபுறம் 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றும், பின்னாளில் சட்டத்தால் மதுவை விலக்குவதை எதிர்த்தும் பேசியமை, இவ்வினா எளிதில் தீராதது என்பதைக் காட்டும். 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதும், 2003இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்றதும் பிற்கால வரலாறு. அரசே விற்பவரும் தீமையை எச்சரிப்பவருமாக நிற்கும் இந்நிலையைப் பாட ஒரு கிந்தனார் இன்னும் வரவில்லை.

சதிலீலாவதியின் படி எதுவும், அறியப்பட்ட வரையில், எஞ்சவில்லை. அமெரிக்கப் படம் ஓர் ஆவணக்காப்பகத்தில் தங்கியமையால் எள்ளப்பட்டது; தமிழ்ப்படம் அழிந்தமையால் எள்ளவும் ஏத்தவும் வாய்ப்பின்றிப் போயிற்று. ஆயின் வில்லுப்பாட்டு எஞ்சியது. சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும்வரை அதனைப் பாடிவந்தார். இசைத்திரைப்படம் ஊரார் மூட்டும் தீயுடன் முடிகிறது. வில்லுப்பாட்டோ வாழி பாடி முடிவது. கொடை கொடுத்தவர், கேட்டவர், கேளாமல் உறங்கியவர், வில்லின் பின்னால் தள்ளாடியவர் என எல்லாரையும் வாழ்த்திய பின்னரே வீசுகோல் கீழே வைக்கப்படும்.